அரிப்பால் தவிக்கும் நாயும் பூனையும்: உணவு ஒவ்வாமையைச் சமாளிப்பது எப்படி?

உங்கள் நாய் இரவெல்லாம் பாதத்தை நக்கிக்கொண்டே இருக்கிறதா? பூனை கழுத்தையும் கன்னத்தையும் சொறிந்து சொறிந்து புண்ணாக்கிக்கொள்கிறதா? காதில் கிருமித்தொற்று வந்து, மருந்து போட்டதும் குணமாகி, சில வாரங்களில் மீண்டும் வருகிறதா? இதற்குப் பல காரணங்கள் இருக்கலாம். அவற்றில் ஒன்று, அது தினமும் விரும்பிச் சாப்பிடும் உணவு.

உணவு ஒவ்வாமையை அடியோடு போக்கும் மருந்து இல்லை. ஆனால், ஒத்துக்கொள்ளாத உணவு எது என்று கண்டுபிடித்து அதை நிறுத்திவிட்டால், பெரும்பாலான பிராணிகள் நிம்மதியாக வாழும். அதைக் கண்டுபிடிக்க நம்பகமான வழி, கால்நடை மருத்துவரின் ஆலோசனையுடன் ஏறக்குறைய 8 வாரங்களுக்கு நடத்தப்படும் உணவுச் சோதனை. இந்தச் சோதனை நடக்கும் இடம் உங்கள் வீட்டுச் சமையலறை. அதை நடத்துபவர் நீங்கள். அதனால்தான் அதைப் பற்றி நீங்கள் முழுமையாகத் தெரிந்துகொள்வது அவசியம்.

உணவு ஒவ்வாமை என்றால் என்ன?

உடலின் நோய் எதிர்ப்பாற்றல் கிருமிகளை எதிர்ப்பதற்காக உள்ளது. சில பிராணிகளின் உடல், உணவில் உள்ள ஒரு சாதாரணப் புரதத்தையும் எதிரியாக நினைத்துவிடுகிறது. அந்த உணவைச் சாப்பிடும்போதெல்லாம் உடல் அதை எதிர்க்கிறது. அதன் விளைவே அரிப்பு, தோல் சிவத்தல், வயிற்றுக் கோளாறு போன்றவை.

நாய்களுக்கு அதிகமாக ஒவ்வாமை ஏற்படுத்துபவை மாட்டிறைச்சி, பால் பொருள்கள், கோழி, கோதுமை ஆகியவை. பூனைகளுக்கு மாட்டிறைச்சி, மீன், கோழி ஆகியவை. “பூனைக்கு மீன் ஒத்துக்கொள்ளாமல் போகுமா?” என்று நீங்கள் வியக்கலாம். போகும். எந்தப் புரதத்தை ஒரு பிராணி அடிக்கடி சாப்பிடுகிறதோ, அதற்கே ஒவ்வாமை வரும் வாய்ப்பு அதிகம்.

தானியம்தான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று பலர் நினைக்கிறார்கள். கோதுமை சில நாய்களுக்கு ஒத்துக்கொள்வதில்லை என்பது உண்மை. ஆயினும், பெரும்பாலும் குற்றவாளி இறைச்சியிலோ பாலிலோ உள்ள புரதமே. “தானியம் இல்லாதது” என்று அச்சிட்ட விலை உயர்ந்த உணவை வாங்கினால் மட்டும் ஒவ்வாமை தீர்ந்துவிடாது. அந்தப் பொட்டலத்திலும் அதே கோழி இருக்கலாம்.

ஒவ்வாமை வேறு, செரிமானக் குறை வேறு என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். வளர்ந்த பூனைக்குப் பால் கொடுத்தால் வயிற்றுப்போக்கு ஏற்படுவதுண்டு. பாலில் உள்ள சர்க்கரையைச் செரிக்க அதன் வயிற்றால் முடியாததே பெரும்பாலும் அதற்குக் காரணம். அது ஒவ்வாமை அன்று.

என்னென்ன அறிகுறிகள் தெரியும்?

நாய்களிடம்:
- பாதம், காது, முகம், அக்குள், தொடையிடுக்கு, ஆசனவாய்ப் பகுதி ஆகியவற்றில் அரிப்பு
- பாதங்களை ஓயாமல் நக்குதல். வெள்ளை முடி உள்ள நாயாக இருந்தால் எச்சில் பட்டுப் பட்டு முடி செம்பழுப்பு நிறமாக மாறும்
- அடிக்கடி காதுத் தொற்று, தலையை உதறுதல், காதில் துர்நாற்றம்
- மலம் இளகிப்போதல், வழக்கத்தைவிட அதிக முறை மலம் கழித்தல், வாந்தி, வயிற்றில் வாயு

பூனைகளிடம்:
- தலை, கழுத்து, கன்னம் ஆகிய இடங்களைக் கடுமையாகச் சொறிதல்
- வயிற்றையும் தொடையையும் நக்கி நக்கி முடி உதிர்ந்துபோதல்
- தோலில் சிறு பொருக்குகள், புண்கள்
- அடிக்கடி வாந்தி அல்லது வயிற்றுப்போக்கு

எல்லா அறிகுறிகளும் ஒரே பிராணியிடம் தெரிய வேண்டும் என்பதில்லை. சில நாய்களுக்குக் காதுத் தொற்று மட்டுமே வரும்.

உடனே கால்நடை மருத்துவரிடம் செல்ல வேண்டியவை: முகமோ உதடோ திடீரென வீங்குதல், மூச்சுத் திணறல், உடல் முழுவதும் தடிப்பு, தொடர்ந்து வாந்தி, மயக்கம். இவற்றுக்கு உணவுச் சோதனை வரை காத்திருக்கக் கூடாது.

முதலில் மற்ற காரணங்களைப் பார்க்க வேண்டும்

அரிப்புக்கு உணவு மட்டுமே காரணம் என்று முடிவு செய்துவிட வேண்டாம். சிங்கப்பூரின் வெப்பமும் ஈரப்பதமும் ஆண்டு முழுவதும் மாறாமல் இருப்பதால், தெள்ளுப்பூச்சித் தொல்லையும் ஆண்டு முழுவதும் இருக்கக்கூடும். வீட்டுத் தூசியில் வாழும் நுண்பூச்சிகளுக்கும் பல நாய்களிடம் ஒவ்வாமை உண்டு. பூஞ்சைத் தொற்று, சொறிப்பூச்சி ஆகியவையும் அரிப்பை உண்டாக்கும்.

தெள்ளுப்பூச்சி உள்ளதா என்பதை நீங்களே ஓரளவு பார்க்கலாம். பல் நெருக்கமான சீப்பால் முதுகின் பின்பகுதியில் வாரி, சீப்பில் வரும் கறுப்புத் துகள்களை ஈரமான வெள்ளைத் தாளில் தட்டுங்கள். துகளைச் சுற்றிச் செம்பழுப்பு நிறம் பரவினால், அது தெள்ளுப்பூச்சியின் எச்சம். அது குடித்த இரத்தம்தான் அப்படிக் கசிகிறது.

உங்களுக்கோ வீட்டில் மற்றவர்களுக்கோ அரிப்பு, வட்டமான சிவந்த தடிப்பு தோன்றினால், நீங்களும் மருத்துவரைப் பாருங்கள். உணவு ஒவ்வாமை பிராணியிடமிருந்து மனிதருக்குத் தொற்றாது. ஆனால், படர்தாமரையும் ஒருவகைச் சொறியும் தொற்றும். நீரிழிவு உள்ளவர்களும் நோய் எதிர்ப்பாற்றல் குறைந்தவர்களும் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். வீட்டில் அரிப்புள்ள பிராணி இருப்பதை உங்கள் மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

இரத்தம், உமிழ்நீர், முடி ஆகியவற்றைப் பரிசோதித்து உணவு ஒவ்வாமையைச் சொல்லிவிடலாம் என்று விளம்பரங்கள் வருகின்றன. நாய்க்கும் பூனைக்கும் உணவு ஒவ்வாமையை உறுதிசெய்ய இவற்றை நம்ப முடியாது. நல்ல உடல்நலத்துடன் இருக்கும் பிராணிக்கும் ஒவ்வாமை உள்ளதாக இவை காட்டக்கூடும். அந்தப் பணத்தைச் சோதனை உணவுக்குச் செலவிடுவது நல்லது.

உணவை நீங்களாகவே மாற்றிக்கொண்டிருக்க வேண்டாம்

கோழி ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது என்று ஆட்டிறைச்சி உணவு வாங்குவோம். இரண்டு வாரத்தில் அரிப்பு நிற்காததால் வாத்துக்கு மாறுவோம். பிறகு சால்மன் மீன். பலரும் இப்படித்தான் செய்கிறோம். இதில் இரண்டு சிக்கல்கள் உள்ளன.

முதலாவது, ஒவ்வொன்றுக்கும் போதிய காலம் கொடுக்கப்படுவதில்லை. பழைய உணவை நிறுத்தியதும் தோல் உடனே ஆறிவிடாது.

இரண்டாவது, சோதனைக்கு உங்கள் பிராணி இதுவரை சாப்பிடாத ஒரு புரதம் தேவைப்படலாம். கடையில் உள்ள எல்லா வகைகளையும் முன்னதாகவே கொடுத்துப் பார்த்துவிட்டால், சோதனைக்கென்று புதிய புரதம் மிச்சம் இருக்காது.

மேலும், பேரங்காடியிலும் செல்லப்பிராணிக் கடையிலும் விற்கும் சாதாரண உணவில், மேலுறையில் குறிப்பிடாத இறைச்சியின் சுவடு கலந்திருப்பதை ஆய்வுகள் கண்டுள்ளன. ஒரே இயந்திரத்தில் பல வகை உணவுகள் தயாராவது இதற்கு ஒரு காரணம். முன்பக்கத்தில் “ஆட்டிறைச்சி” என்று பெரிதாக எழுதியிருந்தாலும், பின்பக்கத்துப் பட்டியலில் கோழிக் கொழுப்போ முட்டையோ இருக்கலாம்.

மருத்துவரிடம் செல்லும் முன்

ஒரு தாளில் கீழ்க்கண்டவற்றை எழுதி எடுத்துச் செல்லுங்கள். எழுதச் சிரமமாக இருந்தால், பொட்டலங்களைக் கைத்தொலைபேசியில் படமெடுத்துக்கொள்ளுங்கள்.
- இப்போது கொடுக்கும் உணவும் முன்பு கொடுத்த உணவுகளும்
- நொறுக்குத்தீனி, மெல்லும் எலும்பு, சத்து மாத்திரை, பற்பசை
- உங்கள் தட்டிலிருந்து கொடுப்பவை: தயிர்ச்சாதம், பரோட்டாத் துண்டு, ரொட்டி, பிஸ்கட் எதுவாக இருந்தாலும்
- அரிப்பு எப்போது தொடங்கியது, உடலில் எங்கே
- இதுவரை கொடுத்த மருந்துகள்

தட்டிலிருந்து கொடுப்பதைச் சொல்ல வெட்கப்பட வேண்டாம். கிட்டத்தட்ட எல்லா வீட்டிலும் அது நடக்கிறது. அதை மறைத்தால்தான் சோதனை தவறாகிவிடும்.

8 வார உணவுச் சோதனை

மருத்துவர் பெரும்பாலும் இரண்டு வகை உணவில் ஒன்றைப் பரிந்துரைப்பார்.

*புரதம் உடைக்கப்பட்ட உணவு.* இதில் உள்ள புரதம், நோய் எதிர்ப்பாற்றல் அடையாளம் காண முடியாத அளவுக்குச் சிறு துணுக்குகளாக உடைக்கப்பட்டிருக்கும். பொட்டலத்தில் “ஹைட்ரோலைஸ்டு” என்ற சொல் இருக்கும். கொடுப்பது எளிது. சைவ வீட்டில் இறைச்சி சமைக்க விரும்பாதவர்களுக்கும் உலர் உணவாகக் கிடைப்பதால் இது ஏற்றது.

*புதிய புரத உணவு.* உங்கள் பிராணி இதுவரை சாப்பிட்டிராத ஓர் இறைச்சி மட்டும் இதில் இருக்கும். முயல், மான் போன்ற இறைச்சிகளை இதற்குப் பயன்படுத்துவார்கள். எது புதியது என்பது உங்கள் பிராணி முன்பு என்ன சாப்பிட்டது என்பதைப் பொறுத்தது. நீங்கள் எழுதிக் கொண்டுசெல்லும் பட்டியல் இங்கேதான் உதவுகிறது.

பழைய உணவிலிருந்து புதிய உணவுக்கு ஒரே நாளில் மாற வேண்டாம். மருத்துவர் வேறு விதமாகச் சொல்லாவிட்டால், ஏறக்குறைய ஒரு வாரத்தில் பழையதைக் குறைத்துப் புதியதைக் கூட்டுங்கள். முழுவதும் புதிய உணவுக்கு மாறிய நாளிலிருந்து 8 வாரங்களை எண்ணத் தொடங்குங்கள்.

ஏன் இத்தனை நாள்? வயிற்றுக் கோளாறு 2 வாரத்திலேயே குறையக்கூடும். தோல் ஆறுவதற்கு அதைவிட அதிகக் காலம் பிடிக்கும். உணவு ஒவ்வாமை உள்ள நாய்களிலும் பூனைகளிலும் பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்டவற்றிடம் 8 வாரத்திற்குள் முன்னேற்றம் தெரிந்துவிடுகிறது. நான்காம் வாரத்தில் “ஒன்றும் மாறவில்லை” என்று நிறுத்திவிட்டால், பலன் தொடங்கும் நேரத்தில் கைவிட்டதாக ஆகிவிடலாம்.

தொடக்க வாரங்களில் அரிப்பைத் தணிக்கவும் தோல், காதுத் தொற்றைக் குணப்படுத்தவும் மருத்துவர் மருந்து கொடுக்கலாம். பிராணி துன்பப்பட்டுக்கொண்டே இருக்க வேண்டிய அவசியம் இல்லை.

பூனை வளர்ப்போர் கவனத்திற்கு: “பசித்தால் தானாகச் சாப்பிடும்” என்று பூனையைப் பட்டினி போட வேண்டாம். பூனை சில நாள்கள் சாப்பிடாமல் இருந்தால், குறிப்பாக உடல் பருமன் உள்ள பூனையாக இருந்தால், அதன் கல்லீரலில் கொழுப்பு சேர்ந்து உயிருக்கே ஆபத்தாகலாம். புதிய உணவை ஒரு நாள் முழுவதும் தொடவில்லை என்றால் மருத்துவரை அழைத்துப் பேசுங்கள்.

“ஒரே ஒரு துண்டுதானே!”

உணவுச் சோதனை தோல்வி அடைவதற்கு முக்கியக் காரணம் இந்தச் சொற்கள்தாம்.

இப்படி ஒரு வீட்டை எண்ணிப் பாருங்கள். ஐந்து வாரமாகச் சோதனை ஒழுங்காக நடக்கிறது. நாயின் காது சுத்தமாகிவிட்டது. இரவில் எல்லாரும் தூங்குகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை பேரப்பிள்ளைகள் வருகிறார்கள். மேசைக்குக் கீழே ஒரு பாலாடைக்கட்டித் துண்டு போகிறது. யாரும் கவனிக்கவில்லை. புதன்கிழமை நாய் மீண்டும் பாதத்தை நக்கத் தொடங்குகிறது. “இத்தனை வாரம் செலவழித்தும் இந்த உணவு வேலை செய்யவில்லையே” என்று வீட்டில் முடிவு கட்டிவிடுகிறார்கள். உணவு வேலை செய்தது. அந்தத் துண்டுதான் கெடுத்தது.

ஒவ்வாமைக்கு அளவு பெரிதில்லை. விரல் நுனியில் ஒட்டிய குழம்பும் போதும். அதனால் 8 வாரமும் சோதனை உணவும் தண்ணீரும் தவிர வேறெதுவும் கூடாது. கீழ்க்கண்டவை பலருக்கும் நினைவில் வராதவை:
- தயிர்ச்சாதம், பால், நெய் தடவிய தோசை அல்லது சப்பாத்தி
- பிஸ்கட், ரொட்டி, உணவங்காடி நிலையத்திலிருந்து வாங்கிவந்த கோழிச்சோற்று மிச்சம்
- இறைச்சிச் சுவையூட்டிய மாத்திரைகள். மாதந்தோறும் கொடுக்கும் இதயப்புழுத் தடுப்பு மாத்திரை பெரும்பாலும் இப்படிப்பட்டது. மருந்தை நீங்களாக நிறுத்திவிடக் கூடாது. சுவையூட்டாத மாத்திரையோ கழுத்தில் விடும் சொட்டு மருந்தோ உள்ளதா என்று மருத்துவரிடம் கேளுங்கள்
- மாத்திரையை ஒளித்துக் கொடுக்கும் பாலாடைக்கட்டி, வெண்ணெய், வாழைப்பழம்
- கோழிச் சுவையுள்ள பற்பசை, மெல்லும் எலும்பு, மீன் எண்ணெய்
- வீட்டில் உள்ள இன்னொரு பிராணியின் கிண்ணம்
- புளோக்கின் கீழ்த்தளத்தில் சமூகப் பூனைகளுக்கு வைத்திருக்கும் உணவு
- குழந்தை சாப்பிட்ட நாற்காலியின் கீழ்ச் சிதறியவை, குப்பைத் தொட்டி

வீவக வீடுகளில் 2024 செப்டம்பர் 1ஆம் தேதியிலிருந்து 2 பூனைகள் வரை வளர்க்க அனுமதி உள்ளது. இரண்டு பூனைகளில் ஒன்றுக்கு மட்டும் சோதனை என்றால், தனித்தனி அறையில் உணவு வைத்து, அரை மணி நேரத்தில் கிண்ணங்களை எடுத்துவிடுங்கள். உடல்நலமுள்ள மற்றொன்றுக்கும் அதே உணவைக் கொடுக்கலாமா என்று மருத்துவரிடம் கேட்கலாம். பல வீடுகளில் அதுவே எளிய வழி.

வீட்டில் எல்லாரும் ஒத்துழைக்க

சோதனை தொடங்கும் நாளுக்கு முன்பே எல்லாரிடமும் சொல்லிவிடுங்கள்: மகன், மருமகள், பேரப்பிள்ளைகள், இல்லப் பணிப்பெண், நாயைப் பார்த்ததும் பையிலிருந்து பிஸ்கட் எடுக்கும் அண்டைவீட்டுக்காரர். “மருத்துவர் சொல்லியிருக்கிறார்” என்று சொன்னால் யாரும் மனவருத்தப்பட மாட்டார்கள். குளிர்பதனப் பெட்டியின் கதவில் பெரிய எழுத்தில் ஒரு தாளை ஒட்டுங்கள். பணிப்பெண்ணுக்குப் புரியும் மொழியிலும் எழுதுங்கள்.

கையால் ஊட்டி வளர்த்த பிராணி கண்ணெதிரே உட்கார்ந்து பார்க்கும்போது எதுவும் கொடுக்காமல் சாப்பிடுவது எளிதன்று. பிள்ளைகள் வேலைக்குப் போன பிறகு வீட்டில் துணைக்கு இருப்பது அதுதான் என்றால் இன்னும் கடினம். கொடுக்கும் பழக்கத்தை விட வேண்டாம். கொடுக்கும் பொருளை மட்டும் மாற்றுங்கள். காலையிலேயே அன்றைய சோதனை உணவில் ஒரு கைப்பிடியை எடுத்து ஒரு டப்பாவில் தனியாக வையுங்கள். அது உங்களைப் பார்த்து ஏங்கும்போது அந்த டப்பாவிலிருந்து ஒன்றிரண்டு கொடுங்கள். பேரப்பிள்ளைகளும் அதிலிருந்தே கொடுக்கட்டும். நாய்க்கு நீங்கள் கொடுக்கிறீர்கள் என்பதே பெரிய மகிழ்ச்சி.

நீங்கள் சாப்பிடும் நேரத்தில் அதை வேறு அறையில் வைத்துவிடுவதும் உதவும். முடி வாரிவிடுவது, மாலையில் கூடுதலாக ஒரு சுற்று நடப்பது, பூனையுடன் நூல்கட்டி விளையாடுவது ஆகியவையும் அன்பின் வழிகளே.

தவறி ஏதாவது தின்றுவிட்டால், சோதனையைக் கைவிட வேண்டாம். என்ன தின்றது, எந்தத் தேதி என்று குறித்துக்கொண்டு மருத்துவரிடம் சொல்லுங்கள். சில நாள்களைக் கூட்டிச் சோதனையைத் தொடரும்படி அவர் சொல்லக்கூடும்.

நாள்காட்டியில் குறித்து வையுங்கள்

மனம் ஏமாற்றும், நாள்காட்டி ஏமாற்றாது. வாரத்தில் ஒரே நாளில், அரிப்புக்கு 0 முதல் 10 வரை மதிப்பெண் போடுங்கள். அறவே அரிப்பு இல்லை என்றால் 0. தூங்கவும் சாப்பிடவும் விடாமல் சொறிந்தால் 10. மலம் எப்படி இருந்தது, காது எப்படி இருந்தது என்று ஒரு சொல்லும் எழுதலாம். வாரம் ஒரு முறை பாதத்தையும் வயிற்றையும் படமெடுத்து வைத்தால், மாற்றம் கண்ணுக்குத் தெரியும்.

8 வாரத்திற்குப் பிறகு

அரிப்பு நன்றாகக் குறைந்துவிட்டதா? சோதனை இன்னும் முடியவில்லை. மருத்துவர் பழைய உணவை மீண்டும் கொடுத்துப் பார்க்கச் சொல்வார். “நன்றாக இருக்கும்போது ஏன் மறுபடியும்?” என்று பலர் இந்தக் கட்டத்தில் தயங்குகிறார்கள். அரிப்பு குறைந்ததற்கு மருந்தோ தெள்ளுப்பூச்சி ஒழிந்ததோ காரணமாக இருக்கலாம். பழைய உணவைக் கொடுத்ததும் அரிப்பு திரும்பினால்தான் உணவுதான் காரணம் என்பது உறுதியாகும்.

அரிப்பு சில மணி நேரத்திலும் திரும்பலாம். 14 நாள் வரையும் ஆகலாம். திரும்பியதும் பழைய உணவை நிறுத்திச் சோதனை உணவுக்கே மாறுங்கள். இரண்டு வாரம் கடந்தும் எந்த மாற்றமும் இல்லை என்றால், உணவு காரணம் இல்லை. அதுவும் நல்ல செய்திதான். இனி அதன் உணவைக் கட்டுப்படுத்த வேண்டியதில்லை. மருத்துவர் வேறு காரணத்தைத் தேடுவார்.

உணவுதான் காரணம் என்று உறுதியானால், அரிப்பு தணிந்த பிறகு கோழி, மாட்டிறைச்சி, முட்டை என்று ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் ஏறக்குறைய 2 வாரத்திற்குச் சோதனை உணவுடன் சேர்த்துக் கொடுத்துப் பார்க்கலாம். இப்படிச் செய்தால், எதைத் தவிர்க்க வேண்டும் என்பதுடன் எதைப் பயமின்றிக் கொடுக்கலாம் என்பதும் தெரிந்துவிடும். எதற்கு அரிப்பு வருகிறதோ, அதை வாழ்நாள் முழுவதும் தவிர்க்க வேண்டும்.

வீட்டில் சமைத்துக் கொடுக்கலாமா?

கொடுக்கலாம். ஆனால், சோறும் வேகவைத்த இறைச்சியும் மட்டும் நீண்ட நாளுக்குப் போதாது. அதில் சுண்ணாம்புச் சத்து உள்ளிட்ட பல சத்துகள் குறைவு. நாளடைவில் எலும்பு பலவீனமாகும். பூனைக்கு டாரின் என்ற சத்து கட்டாயம் தேவை. அது குறைந்தால் இதயமும் பார்வையும் பாதிக்கப்படும். எனவே, கால்நடை மருத்துவர் எழுதிக் கொடுக்கும் அளவுப்படியே சமைக்க வேண்டும்.

வெங்காயமும் பூண்டும் நாய்க்கும் பூனைக்கும் நஞ்சு. அவற்றின் இரத்த அணுக்களை இவை அழிக்கும். வேகவைத்தாலும் பொடியாக்கினாலும் அந்த நஞ்சு போகாது. ஆகவே, நமக்குச் சமைத்த குழம்பிலிருந்தும் ரசத்திலிருந்தும் எடுத்துக் கொடுக்க வேண்டாம். திராட்சையும் உலர்திராட்சையும் நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். பாயசத்தில் உலர்திராட்சை இருப்பதை மறந்துவிடாதீர்கள்.

சைவ உணவு உண்ணும் குடும்பங்கள் பூனையையும் சைவமாக வளர்க்க விரும்பலாம். பூனையின் உடலமைப்பு அதற்கு ஏற்றதன்று. நாயைப் பொறுத்தவரை, கால்நடை மருத்துவரின் ஆலோசனை இல்லாமல் முயற்சி செய்ய வேண்டாம்.

பச்சை இறைச்சி ஒவ்வாமையைத் தீர்க்காது. ஒத்துக்கொள்ளாத புரதம் பச்சையாக இருந்தாலும் வெந்திருந்தாலும் அரிப்பு வரும். பச்சை இறைச்சியில் சால்மனெல்லா போன்ற கிருமிகள் இருக்கலாம். அவை மூத்தோரையும் சிறு குழந்தைகளையும் கடுமையாகப் பாதிக்கும். பிராணிக்கு உணவு வைத்த பின்பும் கிண்ணம் கழுவிய பின்பும் சவர்க்காரம் போட்டுக் கை கழுவுங்கள்.

நமது மருந்து அதற்கு ஆகாது

- பாரசிட்டமால் மாத்திரை பூனையின் உயிரைப் பறிக்கும். ஒரு மாத்திரைகூட ஆபத்து. நாய்க்கும் நீங்களாகக் கொடுக்க வேண்டாம்
- உங்களுக்கு எழுதிக் கொடுத்த ஒவ்வாமை மாத்திரையையோ தோல் களிம்பையோ பயன்படுத்த வேண்டாம்
- கற்பூரம் கலந்த தைலம், தேயிலை மர எண்ணெய் ஆகியவற்றைத் தடவ வேண்டாம். பிராணி அதை நக்கி விழுங்கும், அவை நஞ்சாகும்

அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

*என் நாய் 6 ஆண்டாகக் கோழிதான் சாப்பிடுகிறது. இப்போது எப்படி ஒவ்வாமை வரும்?*
பல ஆண்டுகள் ஒத்துக்கொண்ட உணவுக்கும் ஒவ்வாமை வரலாம். எந்த வயதிலும் தொடங்கலாம்.

*சோதனை உணவு விலை அதிகமாக உள்ளதே?*
சாதாரண உணவைவிட விலை கூடுதல்தான். உங்கள் பிராணியின் எடைக்கு 8 வாரத்திற்கு எத்தனை பொட்டலம் தேவை, மொத்தம் எவ்வளவு ஆகும் என்று முதல் சந்திப்பிலேயே கேளுங்கள். செலவு கட்டுப்படியாகாவிட்டால் அதையும் சொல்லுங்கள். வேறு வழி உள்ளதா என்று மருத்துவர் பார்ப்பார். பாதியில் நிறுத்துவதைவிட, முழுவதும் நடத்த முடியும் என்ற நிலையில் தொடங்குவது மேல்.

*அடுத்த மாதம் தீபாவளி. இப்போது தொடங்கலாமா?*
விருந்தினர் வருகையும் பயணமும் இல்லாத 8 வாரங்களைத் தேர்ந்தெடுங்கள். கடும் அரிப்பாக இருந்தால் மருத்துவரை உடனே பாருங்கள். அரிப்புக்கு மருந்து வாங்கிக்கொண்டு, சோதனையை பண்டிகைக்குப் பிறகு வைத்துக்கொள்ளலாமா என்று அவரிடமே கேளுங்கள்.

*அதற்கு வயதாகிவிட்டது. இனி எதற்கு இந்தத் தொல்லை?*
வயதான பிராணிக்கும் அரிப்பு அரிப்புத்தான். உணவை மாற்றுவதால் இரவில் அது தூங்க முடிந்தால், அதன் எஞ்சிய காலம் நிம்மதியாகக் கழியும். சிறுநீரகக் கோளாறு போன்ற நோய் இருந்தால் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லுங்கள். அதற்கேற்ற உணவை அவர் தேர்ந்தெடுப்பார்.

சுருக்கமாக

1. அரிப்பு தொடர்ந்தால், உரிமம் பெற்ற கால்நடை மருத்துவரைப் பார்த்து மற்ற காரணங்களை முதலில் நீக்குங்கள்.
2. உணவு வகைகளை நீங்களாக மாற்றிக்கொண்டே இருக்க வேண்டாம்.
3. 8 வாரங்களுக்குச் சோதனை உணவும் தண்ணீரும் மட்டும் கொடுங்கள்.
4. வீட்டில் உள்ள எல்லாரிடமும் சொல்லி, பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள்.
5. வாரந்தோறும் அரிப்புக்கு மதிப்பெண் போட்டு வையுங்கள்.
6. 8 வாரம் முடிந்ததும் பழைய உணவைக் கொடுத்துப் பார்த்து உறுதிசெய்யுங்கள்.
7. பூனை ஒரு நாள் முழுவதும் சாப்பிடாவிட்டால் மருத்துவரை அழையுங்கள்.

இந்தக் கையேட்டைக் குளிர்பதனப் பெட்டியின் அருகில் வைத்திருங்கள். கால்நடை மருந்தகத்தின் தொலைபேசி எண்ணையும் சோதனை தொடங்கிய தேதியையும் இதன் பின்பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.